பிறெயரி வியூவின் எண்பது தோல்விகள்

1991ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்திலுள்ள ஒரு கல்லூரியின் உதைபந்தாட்டக் குழு பதினொரு போட்டிகளில் ஆடியது. பதினொன்றிலும் தோற்றது. அப்பருவம் முழுவதிலும் அக்குழுவினர் ஈட்டிய புள்ளிகள் 48. அவர்களுக்கு எதிராக மற்றையோர் ஈட்டிய புள்ளிகள் 617. சராசரி பார்த்தால், போட்டியொன்றுக்கு எதிரி 56 புள்ளி பெற, இவர்கள் பெற்றது நான்குக்குச் சற்றே மேல். அடுத்த ஆண்டும் தோல்வி. அதற்கடுத்த ஆண்டும் தோல்வி. 1989ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் ஒரு போட்டியில் வென்ற அக்குழு, மீண்டும் ஒரு வெற்றியைக் கண்டது 1998ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்திலேதான். இடையில் நேர்ந்தவை ஒன்றன்பின் ஒன்றாக எண்பது தோல்விகள். அமெரிக்கக் கல்லூரி உதைபந்தாட்டத்தில் இவ்வளவு நீண்ட தோல்வித் தொடர் வேறெந்தக் குழுவுக்கும் நேர்ந்ததில்லை.

அக்கல்லூரியின் பெயர் பிறெயரி வியூ. ஹியூஸ்ரன் நகருக்கு வடமேற்கே, புல்வெளி சூழ்ந்த நாட்டுப்புறத்தில் அமைந்தது. பெயரளவில் இன்று பல்கலைக்கழகமாயினும், ரெக்சாசின் பெருங் கல்வி நிலையங்களோடு ஒப்பிடுமிடத்து அது சிறியதே. எண்பது தோல்வி என்று கேட்டவுடன், அங்குள்ள இளைஞர் வீரமற்றவர் என்றோ, பயிற்றுநர் திறமையற்றவர் என்றோ முடிவு கட்டிவிடுதல் எளிது. அமெரிக்காவிலும் பலர் அவ்வாறே முடிவு கட்டினர். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அக்கல்லூரியின் பெயர் நகைச்சுவைக்கு உதவும் பொருளாயிற்று. ஆனால், அத்தோல்விகளின் காரணத்தைத் தேடிச் செல்வோர் ஆட்ட மைதானத்தை விட்டு வெகுதூரம் வெளியே செல்ல வேண்டியிருக்கும்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். நம் நாட்டவர் உதைபந்தாட்டம் என்று அறிந்திருப்பது வேறு. அமெரிக்கர் அப்பெயரால் அழைப்பது வேறு. அவர்களுடையது றகர் ஆட்டத்தின் வழிவந்தது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம். முன்னே நிற்கும் தோழனுக்கு எறியலாம். பக்கத்துக்குப் பதினொருவர். மைதானத்தின் நீளம் 100 யார். பந்தை வைத்திருக்கும் பக்கத்தாருக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அந்த நான்கினுள் 10 யார் முன்னேறிவிட்டால் மேலும் நான்கு கிடைக்கும். முன்னேறாவிடின் பந்து எதிரியின் கைக்குப் போகும். ஆகையால், மூன்று முயற்சிகளும் வீணாகிவிட்டால், நான்காவதில் பந்தை இயன்ற அளவு தூரத்துக்கு உதைத்துவிட்டு எதிரியைத் தடுக்கத் தயாராவதே வழக்கம். எதிரியின் கடைக்கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டு சேர்த்தால் 6 புள்ளி. அதன்பின் கம்பங்களுக்கிடையே உதைத்தால் மேலும் 1, உதைக்காமல் மறுபடியும் கொண்டு சேர்த்தால் 2. ஆட்டத்தினிடையே கம்பங்களுக்கிடையில் உதைத்தால் 3. இவ்வளவு தெரிந்தாற் போதும்.

நேயர்கள் கவனிக்கவேண்டியது மற்றொரு விதியையே. ஆட்டக்காரரை வேண்டியபோதெல்லாம் மாற்றிக்கொள்ளலாம் என்ற விதி 1960களின் நடுப்பகுதியில் கல்லூரி ஆட்டத்தில் நிலைபெற்றது. அன்றுமுதல் ஒரு குழு என்பது உண்மையில் இரு குழுக்களாயிற்று. பந்தைக் கொண்டு செல்லும் பதினொருவர் வேறு. எதிரியைத் தடுக்கும் பதினொருவர் வேறு. ஒரு சாரார் ஆடும்போது மற்றச் சாரார் ஓரத்திலே அமர்ந்து இளைப்பாறுவர். உதைப்பதற்கெனத் தனியே சிலர். இவர்கள் எல்லோருக்கும் பதிலாட்கள் வேறு. ஆகவே ஒரு நல்ல குழுவை அமைப்பதற்குப் பதினொரு பேர் போதாது. எழுபது எண்பது பேராவது வேண்டும். அவர்களுள்ளும் முன்வரிசையில் நிற்போர் 120 கிலோவுக்குக் குறையாத பேருடல் படைத்தோராக இருத்தல் நலம். அத்தகையோர் எந்த ஊரிலும் மலிந்து கிடப்பதில்லை. அவர்களைத் தேடிப் பிடித்து, படிப்பும் இருப்பிடமும் உணவும் இலவசமாகத் தந்து அழைத்துக்கொள்வதே அமெரிக்கக் கல்லூரிகளின் வழக்கம். அதற்கெனவே விளையாட்டுப் புலமைப் பரிசில்கள் உள்ளன. பிறெயரி வியூ சேர்ந்திருந்த வகுப்பில், கல்லூரியொன்று உதைபந்தாட்டத்துக்கு மாத்திரம் அறுபதுக்கு மேற்பட்ட பரிசில்களை வழங்க விதி இடந்தந்தது.

1991இல் பிறெயரி வியூ வழங்கிய விளையாட்டுப் பரிசில் ஒன்றேனும் இல்லை.

இந்த நிலை எவ்வாறு வந்தது என்பதை அறிவதற்கு அக்கல்லூரியின் பிறப்பிலிருந்து தொடங்குதல் வேண்டும். அடிமை முறை ஒழிந்து பதினோராண்டு கழிந்தபின், 1876இல், கறுப்பின இளைஞருக்கெனத் தனிக் கல்லூரியொன்றை ரெக்சாஸ் அரசு ஏற்படுத்தியது. வெள்ளையர் கல்லூரிகளில் அவர்களுக்கு இடமில்லை என்பதே இதன் கருத்து. கல்லூரி எழுந்த நிலம் முன்னர் அடிமைகள் உழைத்த ஒரு பெருந்தோட்டம். 1878இல் முதல் வகுப்பு எட்டு மாணவர்களோடு தொடங்கிற்று. சின்னாட்களில் அது ஆசிரியர்களைப் பயிற்றும் கல்லூரியாயிற்று. ரெக்சாசின் கறுப்பினப் பள்ளிகளிலே கற்பித்தோரில் மிகப் பலர் அங்குப் பயின்றவரே. 1920இல், தம்போன்ற கறுப்பினக் கல்லூரிகளோடு சேர்ந்து ஒரு விளையாட்டுச் சங்கத்தையும் பிறெயரி வியூ நிறுவிற்று. தென்மேற்கு விளையாட்டுச் சங்கம் என அது இன்றளவும் வழங்கி வருகின்றது.

வெள்ளையர் கல்லூரிகள் கதவடைத்திருந்தமையால், ரெக்சாசின் கறுப்பின இளைஞருள் ஆற்றல் மிக்கோர் பிறெயரி வியூவையோ அதுபோன்ற மற்றொன்றையோ நாடுவதைத் தவிர வேறு வழி இருந்ததில்லை. கதவடைப்பு ஓர் அநீதி. ஆயினும் அந்த அநீதியின் விளைவாக, உதைபந்தாட்டத்திலே அக்கல்லூரி பெருவலி படைத்ததாயிற்று. பில்லி நிக்ஸ் என்னும் பயிற்றுநரின் கீழ், கறுப்பினக் கல்லூரிகளின் தேசிய முதன்மை நிலையை 1953, 1954, 1958, 1963, 1964 ஆகிய ஐந்து ஆண்டுகளில் அது பெற்றது. அவரிடம் பயின்ற ஓற்றிஸ் ரெயிலர், 1970ஆம் ஆண்டின் தேசிய தொழில்முறைச் சாம்பியன் போட்டியில் கன்சஸ் நகரக் குழுவுக்காக 46 யார் பந்தைக் கொண்டு சேர்த்து வெற்றியை உறுதி செய்தவர். கென் ஹியூஸ்ரன் மற்றொருவர். தம் பெயரையே கொண்ட நகரத்தின் குழுவிலே தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கி, 1986இல் உதைபந்தாட்டப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். இத்தகையோர் ஆடிய மைதானத்திலேதான் முப்பதாண்டுகளுக்குள் எண்பது தோல்விகளும் தொடங்கின.

நடந்தது என்னவெனில், கதவு திறந்தது. 1966இல் ஜெரி லெவையாஸ் என்னும் கறுப்பின இளைஞருக்குத் தல்லஸ் நகரிலுள்ள தென் மெதடிஸ்த பல்கலைக்கழகம் பரிசில் வழங்கி, அவரை மைதானத்தில் இறக்கிற்று. ரெக்சாஸ் பல்கலைக்கழகம் 1969இல் தேசிய முதன்மை பெற்றபோது அதன் குழுவினர் யாவரும் வெள்ளையர்; மறு ஆண்டிலேயே ஜூலியஸ் விற்றியர் அக்குழுவில் முதற் கறுப்பினத்தவராக ஆடினார். அதன்பின் வெள்ளம் திரும்பிவிட்டது. பேரூர்களிலிருந்த செல்வம் மிக்க கல்லூரிகள், முன்னர் தாம் ஏற்க மறுத்த அதே இளைஞரின் வீடுகளுக்குத் தூதனுப்பின. பெரிய அரங்கு, தொலைக்காட்சி, முழுப் பரிசில், தொழில்முறைக் குழுக்களின் பார்வை ஆகிய அனைத்தும் அவர்களுக்குக் காட்டப்பட்டன. ஓர் ஏழைத் தாயின் மகன் அவற்றை வேண்டாமென்று சொல்லியிருக்க வேண்டுமென எவரும் கூறார். ஆளுக்கு ஆள் பார்த்தால் அது நீதி. கல்லூரியின் நிலையிலிருந்து பார்த்தால் அது வடிந்தோடிய இரத்தம். இவ்விரண்டும் ஒருங்கே உண்மை என்பதை ஏற்பதில் அமெரிக்காவின் கறுப்பின மக்கள் பலருக்கே இன்னமும் தயக்கம் உண்டு.

இத்தகைய இழப்பு பிறெயரி வியூவுக்கு மாத்திரம் நேர்ந்ததன்று. அதன் சங்கத்தைச் சேர்ந்த மற்றைக் கல்லூரிகளும் அதனைக் கண்டன. ஆனால் அவற்றுட் சில, கிடைத்த பரிசில்களைக் கொண்டும் பெரும் பயிற்றுநர்களைக் கொண்டும் தாக்குப்பிடித்தன. லூசியானா மாநிலத்துக் கிறாம்பிலிங் கல்லூரியில் எடி றொபின்சன் 1941 முதல் 1997 வரை பயிற்றுநராயிருந்து 408 வெற்றிகளைக் கண்டார். பிறெயரி வியூவில் அத்தகைய தொடர்ச்சி இல்லை. 1976க்குப் பின்னர் வெற்றிகள் தோல்விகளை மிஞ்சிய பருவமொன்று அதற்கு வாய்க்கவில்லை. பணமுடையும் சேர்ந்துகொண்டது. விளையாட்டுத் துறையின் வரவு செலவைப் பற்றிய கேள்விகள் எழுந்த நிலையில், 1990இல் உதைபந்தாட்டமே ஓராண்டு நிறுத்தப்பட்டது. 1991இல் அது மீண்டும் தொடங்கப்பட்டபோது, மாணவர் ஆடலாம், ஆனால் ஆடுவதற்காக ஒரு சதமும் தரப்படாது என்பதே நிபந்தனை.

நிறுத்திய ஆட்டத்தை நிறுத்தியபடியே விட்டிருக்கலாம் அல்லவா? அப்படிச் செய்த கல்லூரிகள் இல்லாமலில்லை. பென்சில்வேனியாவில் உள்ள சுவாத்மோர் என்னும் புகழ்பெற்ற சிறு கல்லூரி, நூறாண்டுக்கு மேற்பட்ட தன் உதைபந்தாட்டத்தை 2000ஆம் ஆண்டில் ஒரேயடியாக முடித்துக்கொண்டது. மினசோட்டாவின் மக்கலஸ்ரர் கல்லூரி 1974க்கும் 1980க்கும் இடையில் ஐம்பது போட்டிகளைத் தொடர்ந்து இழந்து, பிற்காலத்தில், தன்னால் ஈடுகொடுக்க இயலாத சங்கத்தின் போட்டிகளிலிருந்து விலகித் தனக்கேற்ற எதிரிகளைத் தேடிக்கொண்டது. நியூ யோர்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகம் 1983 முதல் 1988 வரை 44 போட்டிகளைத் தோற்றபோதும், அறிவுத்துறையில் அதற்கிருந்த பெருமை அதனைக் காத்து நின்றது. பிறெயரி வியூவுக்கு இவ்வழிகள் எளிதாக இருக்கவில்லை. தான் நிறுவிய சங்கத்தில் இருக்கவேண்டுமாயின் உதைபந்தாட்டம் வேண்டும். அச்சங்கத்தினுள் இருந்தாலோ, பரிசில் பெற்ற பேருடலாளர் நிறைந்த குழுக்களோடு ஆண்டுதோறும் மோதவேண்டும். எனவே, படிப்பதற்கென்று வந்த மாணவர்களை நோக்கி, ஆட விருப்பமுள்ளோர் வருக என்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

வந்தவர்களின் நிலையைச் சிறிது எண்ணிப் பார்க்கலாம். எண்ணிக்கை குறைவாகையால், மற்றக் குழுக்களில் இருவர் செய்யும் வேலையை இங்கு ஒருவரே செய்ய வேண்டியிருக்கும். பந்து கையில் இருக்கும்போது முட்டி மோதி வழி உண்டாக்கிய அதே இளைஞன், பந்து எதிரியிடம் போனதும் திரும்பி நின்று தடுக்கவேண்டும். மூன்று முயற்சியில் பத்து யார் கடக்க இயலாமல் பந்தை உதைத்துவிட்டால், அவனுக்கு இளைப்பாறக் கிடைப்பது இரண்டொரு நிமிடம். எதிரிப் பக்கத்திலோ, களைத்தவன் வெளியே செல்லப் புதியவன் உள்ளே வருவான். முதற் கால் மணி நேரத்தில் இரு பக்கத்தாருக்கும் இடையில் உள்ள வித்தியாசம் சிறிதாகவே தோன்றும். இரண்டாம் கால் மணியில் அது பெருகும். நான்காம் கால் மணியில், நிற்பதற்கே வலுவற்ற கால்களுக்கும் அப்போதுதான் களமிறங்கிய கால்களுக்கும் இடையே நடப்பதை ஆட்டம் என்று சொல்வது அரிது. புள்ளிப் பலகையில் ஐம்பது, அறுபது என ஏறுவது இவ்வாறே. அதனை வீரத்தின் அளவுகோலாகக் கொள்வது பொருந்தாது. அது பெரும்பாலும் ஆட்கணக்கு.

எதிரிகளுக்கும் ஒரு சங்கடம் உண்டு. தோற்பது உறுதியாகிவிட்ட குழுவின்மேல் புள்ளிகளைக் குவித்தல் அமெரிக்கரிடையேயும் பண்பற்ற செயலாகவே கருதப்படும். அதைத் தவிர்க்க விரும்பும் பயிற்றுநர் தம் முதல்வரிசை ஆட்டக்காரரை வெளியே எடுத்துவிட்டுப் பதிலாட்களை அனுப்புவார். எறிந்த பந்து எவர் கையிலும் சேராது தரையில் வீழ்ந்தால் கடிகாரம் நின்றுவிடும். கையில் ஏந்தி ஓடினாலோ கடிகாரம் ஓடிக்கொண்டேயிருக்கும். ஆகவே எறிவதை நிறுத்தி, ஓடுவதையே மேற்கொண்டு, நேரத்தைக் கழித்துவிடுவதும் ஒருவகை இரக்கமே. ஆனால் ஆண்டு முழுவதும் ஓரத்தில் அமர்ந்து வாய்ப்புக்காகக் காத்திருந்த அந்தப் பதிலாள், தானும் ஒரு முறையாவது கோட்டைக் கடக்கவேண்டுமென்று ஓடுகையில், அவனை எவர் நிறுத்துவர்? தோற்கும் பக்கத்தாருக்கும் இந்த இரக்கம் இனிப்பதில்லை. எதிரி தன் முழு வலியோடு தம்மை எதிர்க்கவில்லை என்று அறிவதைக் காட்டிலும் இன்னும் பத்துப் புள்ளியால் தோற்பதையே விரும்பும் இளைஞர் உலகெங்கும் உளர்.

இத்தனைக்கும் நடுவில் பிறெயரி வியூவின் ஆட்டங்களுக்கு மக்கள் வந்துகொண்டேயிருந்தனர் என்றால் வியப்பாயிருக்கும். அதற்கொரு காரணம் கல்லூரியின் வாத்தியக் குழு. அமெரிக்கக் கறுப்பினக் கல்லூரிகளிலே, இடைவேளையின்போது நூற்றுக்கணக்கான மாணவர் சீருடை அணிந்து, எக்காளமும் முரசும் முழங்க, அடியெடுத்து ஆடி அணிவகுத்து வருவது ஒரு தனிக் கலை. பிறெயரி வியூவின் குழு அக்கலையிற் பேர்பெற்றது. அணிவகுக்கும் புயல் என்பது அதன் பெயரின் பொருள். ஜோர்ஜ் எட்வேட்ஸ் என்பார் நீண்டகாலம் அதனை நெறிப்படுத்தினார். உதைபந்தாட்டக் குழு வெறுங்கையோடு திரும்பிய அதே ஆண்டுகளில், வாத்தியக் குழு சென்றவிடமெல்லாம் கைதட்டல் பெற்றது. இடைவேளை முடிந்ததும் பார்வையாளரிற் பலர் எழுந்து போய்விடுவதும் உண்டு. ஆட்டத்தைக் காணவந்தோர் இசை கேட்டார்களா, இசை கேட்கவந்தோர் ஆட்டத்தைச் சகித்துக்கொண்டார்களா என்பது அவ்வூரில் நகைப்போடு கேட்கப்படும் கேள்வி. இருக்கைகள் காலியாகிக் கொண்டிருக்கும் வேளையில் மீண்டும் களமிறங்கும் இளைஞரின் மனநிலையை அந்த நகைப்பு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பழைய மாணவரைப் பற்றியும் ஒரு சொல். அவர்களுக்குக் கல்லூரி என்பது, வேறெங்கும் இடமளிக்கப்படாத காலத்தில் தமக்கு இடமளித்த வீடு. ஐந்து முதன்மைப் பட்டங்களையும் நேரிற் கண்டவர்கள் அவர்களுள் உளர். ஆண்டுக்கொருமுறை பழைய மாணவர் ஒன்றுகூடும் நாளில் உதைபந்தாட்டப் போட்டியே நடுநாயகம். குழு இல்லையேல் அந்நாளும் இல்லை. பிறெயரி வியூ தோற்றுக்கொண்டாவது ஆடியதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

1997இல் கிறெக் ஜோன்சன் என்பார் பயிற்றுநராக வந்தார். அப்பருவமும் வெற்றியின்றிக் கழிந்தது. 1998ஆம் ஆண்டு செப்ரெம்பர் 19ஆம் நாள், தென் பல்கலைக்கழகம் எனப்படும் லூசியானாக் கல்லூரியுடன் நடந்த போட்டியின் இடைவேளையில் எதிர்பாராத நிகழ்ச்சியொன்று நேர்ந்தது. இரு கல்லூரிகளின் வாத்தியக் குழுக்களும் மைதானத்தில் ஒன்றோடொன்று மோதிக் கைகலந்தன. ஆட்டக்காரர் ஒழுங்காயிருக்க, இசைவாணர் அடித்துக்கொண்டது நாடெங்கும் செய்தியாயிற்று. விளையாட்டுச் சங்கம் இரு வாத்தியக் குழுக்களையும் இரண்டு போட்டிகளுக்கு விலக்கி வைத்தது.

ஒரு வாரத்தின் பின், செப்ரெம்பர் 26ஆம் நாள், பிறெயரி வியூக் குழுவினர் ஒக்லஹோமா நகருக்குச் சென்றனர். எதிரி லாங்ஸ்ரன் பல்கலைக்கழகம்; அதுவும் கறுப்பின மக்களுக்கென எழுந்த ஒரு சிறு கல்வி நிலையம். அன்றைய ஆட்டத்தில் புள்ளிகள் குவியவில்லை. ஒருவரையொருவர் விட்டு வெகுதூரம் விலகவுமில்லை. முடிவில் பலகையில் இருந்தவை 14, 12. பதினான்கு பிறெயரி வியூவினுடையது. இரண்டு புள்ளி வித்தியாசத்தில், ஒன்பதாண்டுத் தோல்வித் தொடர் அறுந்தது. இளைஞர் மைதானத்தில் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டனர். அவர்களுள் எவரும் அதற்கு முன் அக்கல்லூரியின் உடையில் ஒரு வெற்றியைக் கண்டவரல்லர். தோல்விகளின்போதெல்லாம் முழங்கிய வாத்தியக் குழு அன்று அங்கே இல்லை. தண்டனைக் காலம் முடிந்திருக்கவில்லை.

பெரும் பயிற்றுநர் பில்லி நிக்ஸ் அவ்வெற்றியின்போது உயிரோடிருந்தார். மறு ஆண்டு, 1999இல், காலமானார். வெற்றி வந்துவிட்டதனால் கல்லூரியின் குறைகள் உடனே நீங்கிவிடவில்லை. பரிசில்களுக்குப் பணம் தேடவும், ஆள் சேர்க்கவும், அச்சமின்றி ஆடப் பழகவும் மேலும் பல ஆண்டுகள் சென்றன. 2004இல் மூன்றாம் ஹென்றி பிறேசியர் பயிற்றுநரானார். 2007இல், 1976க்குப் பின் முதன்முறையாக, வெற்றிகள் தோல்விகளை மிஞ்சின. 2009ஆம் ஆண்டு டிசெம்பரில் அலபாமா ஏ அன்ட் எம் கல்லூரியை 30க்கு 24 என்ற கணக்கில் வென்று, 1920இல் தான் நிறுவ உதவிய சங்கத்தின் முதன்மைப் பட்டத்தைப் பிறெயரி வியூ பெற்றது. 1964இல் நிக்சின் குழு பெற்ற பட்டத்துக்குப் பின், நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்துக் கிடைத்த முதற் பட்டம் அது.